புள்ளிக் கணக்கும் கைநகர்வும்: கோல வரலாற்றுக்கான சான்றுகள் குறித்து

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையிலும் அதைச் சூழ்ந்த மேற்குப் புறநகர்ப் பகுதிகளிலும் தனி வீடுகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இன்று கலந்தே காணப்படுகின்றன. தனி வீட்டு வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி இடப்படும் கோலம், அடுக்குமாடியில் எதிரெதிர்க் கதவுகளுக்கு இடைப்பட்ட நடைவழிக்குள் அடங்க வேண்டியதாகிறது. இட அளவு குறையும்போது முதலில் மாறுவது புள்ளி எண்ணிக்கையே. வாசலில் 15 புள்ளியில் தொடங்கியவர் நடைவழியில் 7 புள்ளியோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டும் மாலைக்குள் கால்பட்டு அழிந்துவிடுகின்றன. நாள்தோறும் அழியும் ஒன்றுக்கு வரலாறு எழுத முற்படுவோர் எதைச் சான்றாகக் கொள்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

கோலம் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் பலவும் இலக்கியச் சான்றிலிருந்தே தொடங்குகின்றன. பழைய நூல்களில் 'கோலம்' என்னும் சொல் அழகு, தோற்றம், ஒப்பனை ஆகிய பொருள்களில் பயின்று வருகிறது. சொல் பழமையானது என்பதால் புள்ளியிட்டுக் கோடு வளைக்கும் வழக்கமும் அதே அளவு பழமையானது என்று கொள்வது பொருந்தாது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் காமனை நோக்கிய நோன்பின் பகுதியாகத் தரையைத் தூய்மைசெய்து வட்ட வடிவம் அமைப்பதும் மணலால் தெருவை அழகுபடுத்துவதும் பேசப்படுகின்றன. வாசலையும் தெருவையும் பெண்கள் அணிசெய்ததற்கு இது வலுவான சான்று. ஆயினும் அங்குப் புள்ளி இல்லை; புள்ளிக் கோலத்தின் தொன்மைக்கு இதைச் சான்றாக்க இயலாது.

நவீன ஆய்வில் குறிப்பிடத்தக்க தொடக்கம், மானிடவியலாளர் ஜான் லேயர்ட் 1937இல் 'ஃபோக்லோர்' இதழில் எழுதிய கட்டுரையாகும். பசிபிக் தீவான மலேகுலாவில் களப்பணி செய்தவர் அவர். அங்குள்ள மணல் வரைவுகளோடும் புதிர்வழிச் சடங்குகளோடும் ஒப்பிடுவதற்காகவே தென்னிந்திய வாசற்கோலங்களையும் பச்சைகுத்தும் வடிவங்களையும் எடுத்துக்கொண்டார். வடிவத்தின் பொருளைத் தேடிய அவ்வாய்வில் வரைபவரின் கைக்கு இடமில்லை.

கையை நோக்கி ஆய்வு திரும்பியது தாம்பரத்தில். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி (1932–1988), கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் 'அணி இலக்கணங்களும் கோலமும்' என்னும் பொருளில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இங்கு 'இலக்கணம்' என்பது கணினியியல் வழக்கு: சில குறியீடுகளிலிருந்து, சில விதிகளைக் கொண்டு, முடிவில்லாத வடிவங்களைப் பிறப்பிக்கும் முறை. ஒரே விதியால் சிறிய கோலமும் பெரிய கோலமும் பிறக்குமாயின் அவை ஒரே குடும்பத்தவை. (கிஃப்ட் சிரோமணி தமிழ் எழுத்துகளைக் கணினி கொண்டு அடையாளம் காண்பதிலும் மாமல்லபுரச் சிற்பங்களிலும் இதே ஈடுபாட்டோடு உழைத்தவர், தமிழாய்வுலகம் அவரைப் போதிய அளவு நினைவுகூர்வதில்லை.)

ஆனால் 1974ஆம் ஆண்டின் முறை கோலத்தை முடிந்த படமாகவே கண்டது. குறியீடுகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டு வடிவம் உருவாகும். எந்தப் பெண்ணும் அவ்வாறு கோலமிடுவதில்லை. பின்னர் அதே குழுவினர் கம்பிக் கோலத்தை ஆராய்ந்தபோது, கோலமிடுவோர் அதை எவ்வாறு நினைவில் கொள்கின்றனர் என்பதைக் கருத்தில் கொண்டு கைநகர்வுகளையே குறியீடுகளாக்கினர். நேரே செல்லுதல் ஒன்று. அரைத் திருப்பம், முழுத் திருப்பம், புள்ளியைச் சுற்றிய சுழி ஆகியவை வலப்புறம் மூன்று, இடப்புறம் மூன்று. ஆக 7 நகர்வுகள். புறப்பட்ட இடத்திலேயே கோடு வந்து சேர்வதால் எப்புள்ளியருகில் தொடங்கினாலும் கோலம் ஒன்றே. இதனால் அந்நகர்வுத் தொடரைத் தலையும் வாலும் அற்ற வட்டமாகக் கொண்டு 'சுழற்சி இலக்கணம்' அமைத்தனர். கிஃப்ட் சிரோமணியின் மறைவுக்குப்பின் 1989இல் வந்த நினைவுத் தொகுதியில் அக்கட்டுரை இடம்பெற்றது. கோட்பாடு இங்கு வாசலின் வழக்கத்திற்கு இணங்கித் தன்னைத் திருத்திக்கொண்டது எனலாம்.

அவ்வழக்கத்திற்கெனத் தனிக் குறியீட்டு முறையும் உண்டு. '7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி' என்று கோல நோட்டில் எழுதியிருந்தால் போதும். நடு வரிசையில் 7. இரு புறமும் 6, 5, 4 என ஒவ்வொன்றாகக் குறையும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் அமையும். மொத்தம் 37 புள்ளிகள் கொண்ட அறுகோணம் கிடைக்கிறது. '15 புள்ளி, 8 வரை' என்றால் 169. மூன்று சொற்களில் முழுக் கட்டமும் அடங்கிவிடுகிறது.

நேர்ப்புள்ளியில் இக்கணக்கு மேலும் நுட்பமாகிறது. 3 வரிசையில் 4 புள்ளிகள் வீதம் வைத்து, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிச் சாய்வாகப் பின்னிச் சென்றால் ஒரே கோட்டில் சிக்குக் கோலம் முடியும். 4 வரிசையில் 4 புள்ளிகள் என்றால் 4 தனித்தனிக் கோடுகள் தேவைப்படும். வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையிலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கைக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணியே கோடுகளின் எண்ணிக்கை. இரு வேறு கோடுகள் வெட்டும் இடத்தில் வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பினால் அவை ஒன்றாகிவிடும். மூன்று இடங்களில் இவ்வாறு செய்தால் நான்கும் ஒரே கோடாகும். மீப்பெரு பொதுக் காரணி என்னும் பெயரை அறியாமலே, எந்த இடத்தில் திருப்ப வேண்டும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள் உண்டு.

அங்கோலாவின் சோக்வே மக்களிடையே மணலில் புள்ளியிட்டு அவற்றைச் சுற்றிக் கோடிழுக்கும் 'சோனா' மரபு உள்ளது. மொசாம்பிக் கணித அறிஞர் பாலஸ் கெர்டஸ் அதிலும் இதே கணக்கைக் கண்டு விரிவாக எழுதினார். சோனாவை வரைந்தவர்கள் ஆண்கள். கதை சொல்லிக்கொண்டே வரைந்தனர். கோலத்தை இடுபவர்கள் பெண்கள். பெரும்பாலும் பேசாமல், விடியலில், வீட்டு வேலைகளுள் முதல் வேலையாக. கோலத்தில் உள்ள அறிவு நெடுங்காலம் அறிவு என எண்ணப்படாமைக்கு அது வீட்டு வேலையாகக் கருதப்பட்டதே முதன்மைக் காரணம்.

எனவே கோல வரலாற்றுக்குரிய சான்றுகளில் வீட்டுக் கோல நோட்டுகளுக்கு முதலிடம் தர வேண்டும். பள்ளிக் கணக்கு நோட்டின் எஞ்சிய பக்கங்களிலும் பழைய நாட்குறிப்பேடுகளிலும் பென்சிலால் வைத்த புள்ளிகள், அழித்துத் திருத்திய வளைவுகள், இதழ்களிலிருந்து வெட்டி ஒட்டிய மார்கழிக் கோலங்கள், ஓரத்தில் வடிவத்தைத் தந்தவரின் பெயர் ஆகியவை அவற்றில் காணப்படுவதுண்டு. அழித்துத் திருத்திய இடங்களே ஆய்வாளருக்கு மிகவும் பயன்படுவன. அடுத்த நகர்வை ஒருவர் எங்கே தவறவிட்டார் என்பதை அவை காட்டுகின்றன. நூலகப் பட்டியல்களில் இத்தகைய நோட்டுகளுக்கு இடமில்லை. தனி வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவதற்காகப் பரணைக் காலிசெய்யும் நாளில், பழைய செய்தித்தாள்களோடு அவையும் எடைக்குப் போய்விடுகின்றன.