ஊவா மலைகளில் மாடு

பாலூட்டும் உயிர்களுக்கெல்லாம் பொதுவான நியதி ஒன்று உண்டு. தாய் ஈன்ற பின்னரே பால் சுரக்கும். அதுவும் கன்றின் பொருட்டே சுரக்கும். அப்பாலில் தனக்கும் ஒரு பங்கு பெற விரும்பிய மனிதன், முதலில் காட்டு மாட்டைத் தன் மனைக்குக் கொணர வேண்டியவனானான். மேற்கு ஆசியாவில் ஏறக்குறைய 10,500 ஆண்டுகளுக்கு முன்னரும், பலுசிஸ்தானத்து மெகர்கர்ப் பகுதியில் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னரும் மாடு பழக்கப்பட்டது என்பர் ஆராய்ச்சியாளர். நம் நாட்டுத் திமில் மாடு பின்னதன் வழிவந்தது.

பழைய ஊவாவில் மாடு முதலாவதாக உழைப்புக்குரிய விலங்காகவே இருந்தது. எருமை வயலை மிதித்துச் சேறாக்கிற்று. தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்கள் கடற்கரை உப்பை மலைக்கு ஏற்றிப் பாக்கைக் கீழே இறக்கின. 1817–1818 ஆம் ஆண்டுகளில் எழுந்த ஊவா–வெல்லச கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படையினர், வீடுகளோடும் பயிர்களோடும் கால்நடைகளையும் அழித்தனர். மாடிழந்த உழவன் வயலையும் இழந்தவனே அல்லவா?

பின்னர்க் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. துரைமார் மாடுகளைக் கொட்டிலில் கட்டிப் புல் அறுத்துப் போட்டது பெரிதும் எருவுக்காகவே. விளைந்த கோப்பியைக் கொண்டு சென்றவையும் மாட்டு வண்டிகளே. 1869 ஆம் ஆண்டிலே, பதுளைக்குக் கிழக்கேயுள்ள மடுல்சீமையில் கோப்பி இலைத்துரு நோய் காணப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்தது, தேயிலை பரவிற்று. 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்தபின் வண்டி மாட்டின் தேவையும் சுருங்கிற்று.

ஆயினும் மாடு மலையை விட்டு அகலவில்லை. அதனைக் காத்தவர் தோட்டத் தொழிலாளர். திருச்சி, சேலம், மதுரை முதலிய மாவட்டங்களின் வேளாண் ஊர்களிலிருந்து வந்தவர் அவர். அவருள் நிலமற்றோர் பலர். இங்கும் நிலம் தோட்டத்துக்குரியது, லயமும் தோட்டத்துக்குரியது. லயத்தின் பின்னே சிறு கொட்டகையில் நின்ற பசுவோ குடும்பத்துக்கே உரியது. அதன் பால் காசாயிற்று; சாணம் கீரைப் பாத்திக்கு எருவாயிற்று; மாட்டுப் பொங்கலன்று அதன் கொம்பு வண்ணம் பெற்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பலர் இந்தியாவுக்குப் புறப்பட நேர்ந்தபோது, விற்பதற்கு வீடோ காணியோ இல்லாதவர்களுக்கு மாடே ஒரு செல்வமாயிருந்தது.

இச்செல்வத்தின் இயல்பை அறிதல் நன்று. பசு ஏறக்குறைய 280 நாள் கருவைச் சுமக்கிறது. ஈன்றவுடன் வரும் சீம்பால், நோயைத் தடுக்கும் ஆற்றலைக் கன்றுக்கு அளிக்கிறது. கன்று மடியை முட்டும்போது ஒட்சிடோசின் என்னும் ஓமோன் மூளையினின்று குருதியிற் கலந்து, மடியிலுள்ள பாலை இறக்குகிறது. அச்சமுற்ற பசு பாலை அடக்கிக்கொள்வதும், கன்றைக் காணாத நாட்டுப் பசு பெரும்பாலும் பால் விடாமையும் இதனாலேயே. பிரீசியன், ஜேர்சி முதலிய ஐரோப்பிய இனங்களின் கலப்புப் பசுக்கள் மலைக் குளிரைத் தாங்கி மிகுதியாகப் பால் தரும்; ஆனால் தீனியும் மிகுதியாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தோன்றுகிறது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் மண்டும் மானாப்புல் முற்றிவிட்டால் மாட்டுக்கு உகந்த உணவன்று. ஆகவே பகல் முழுதும் கொழுந்து கொய்த பெண், மாலையில் ஓடைக்கரையிலும் பாதையோரத்திலும் புல் அறுத்துக் கட்டாகச் சுமந்து வருகிறாள். மாடு அவளுடையது; புல் முளைக்கும் மண் அவளுடையதன்று.

இலங்கையின் பால் தேவையில் பாதிக்கும் குறைவானதையே உள்நாட்டு உற்பத்தி நிறைவு செய்கிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் இறக்குமதிப் பால்மா அரிதானபோது, அதன் பொருளை நாடே உணர்ந்தது. உள்ளூர்ப் பாலைப் பெருக்க உயர்ந்த இனப் பசுக்களைத் தேடுவது தக்கதே. அதனோடு, லயத்துப் பசுவுக்குப் புல் விளைக்கச் சிறு துண்டு நிலத்தை அதனைப் பேணும் குடும்பத்துக்கு அளிப்பதும் வேண்டும். மடியில் ஊறும் பால் மண்ணிலே தொடங்குகிறது.