மாலையும் 'அல்லது'வும்: ஒரு தீர்ப்பை முன்கூட்டிச் சொல்வது பற்றி

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏம்பா, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க கட்டிக்கிட்டா கூறைப்புடவை ஒண்ணா ரெண்டா?" கிண்டல் இல்லை. முகூர்த்தத்தை நம்பிப் பிழைக்கும் ஊரில் இது தொழில் கேள்வி. அடுத்து அவர் கேட்டதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "ஐகோர்ட்டுக்குப் போனா என்னா சொல்வான்?"

கோர்ட்டு என்ன சொல்லும் என்று ஊகிப்பது காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. வரதராஜப் பெருமாள் சன்னதியில் யார் எதை முதலில் ஓதுவது என்று வடகலையும் தென்கலையும் நூறாண்டுக்கு மேலாகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள். யானைக்கு எந்த நாமம் போடுவது என்று லண்டன் வரை போனதாக ஒரு கதையும் உலவுகிறது. தமிழில் 'வழக்கு' என்ற ஒரே சொல் மரபையும் குறிக்கிறது, கோர்ட்டில் போடுவதையும் குறிக்கிறது. இது தற்செயலாக இருக்கலாம். ஆனால் காலனிய நீதிமன்றம் இந்து என்கிற சட்டப் பிராணியைச் செய்தெடுத்ததே இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில்தான். பழைய வழக்கு எது என்று நிரூபி, புதிய வழக்கில் ஜெயிப்பாய்.

1953இல் இது சுயமரியாதைத் திருமணத்தின் தலையில் விடிந்தது. 1920களின் பிற்பகுதியிலிருந்து ஐயரும் ஓமமும் இல்லாமல், மேடையில் இரண்டு மாலையும் நாலு பேச்சுமாக ஆயிரக்கணக்கானோர் கல்யாணம் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சொத்து வழக்கில் அப்படிப்பட்ட திருமணம் ஒன்று விசாரணைக்கு வந்தது. நீதிபதிகள் சத்தியநாராயண ராவும் ராஜகோபாலனும் கேட்டது எளிமையான கேள்வி: சாஸ்திரச் சடங்கு நடந்ததா? இல்லை. சரி, தொன்றுதொட்டு வரும் வழக்கமா? அதுவும் இல்லை. அப்படியானால் கல்யாணமே இல்லை. நாலு பேர் கூடி நேற்று ஏற்படுத்திக்கொண்டதை வழக்கம் என்று ஒப்புக்கொள்ள முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு தலைமுறைப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்று ஆனார்கள். பிள்ளைகளின் சொத்துரிமை ஆட்டம் கண்டது. பகுத்தறிவு பேசிய மேடைக்கு இதை எதிர்கொள்ள மொழி இருந்தது, சட்டம் இல்லை.

சட்டம் வர 14 ஆண்டுகள் ஆயின. கொண்டுவந்தவர் இந்த ஊர்க்காரர். 1909இல் இங்கே பிறந்து, இங்கேயே நகராட்சியில் குமாஸ்தா வேலை பார்த்து, 1957இல் இதே தொகுதியில் ஜெயித்து, 1962இல் இதே தொகுதியில் தோற்ற அண்ணாதுரை. (1925இல் பெரியார் காங்கிரஸ் மாநாட்டை விட்டு வெளியேறியதும் இதே காஞ்சிபுரத்தில்தான்.) 1967இல் முதல்வரானதும் அவர் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் நடந்த நாளிலிருந்தே செல்லுபடியாக்கியது. அதாவது 1953 தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு செய்யவில்லை. தீர்ப்பு நின்ற தரையையே எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பிரிவை மெதுவாகப் படிக்க வேண்டும். 'எந்த இரு இந்துக்களுக்கும் இடையே' உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடக்கும் திருமணம் என்று ஆரம்பிக்கிறது. பிறகு மூன்று வழிகள். ஒன்று, மனைவியாக, கணவனாக ஏற்கிறேன் என்று அவரவருக்குப் புரியும் மொழியில் சொல்வது. இரண்டு, ஒருவருக்கொருவர் மாலையிடுவது அல்லது விரலில் மோதிரம் போடுவது. மூன்று, தாலி கட்டுவது. இவற்றுக்கு நடுவில் இருப்பது 'அல்லது'. வரைவில் 'மற்றும்' என்று இருந்ததை 'அல்லது' ஆக்கச் சொன்னவர் பெரியார் என்று இயக்கத்தவர் சொல்வதுண்டு. தாலியைக் கட்டாயமில்லாமல் ஆக்கத்தான் அந்த ஒரு சொல். ஆனால் அது வேறொன்றும் செய்துவிட்டது: நடுவில் நிற்கும் மாலைக்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். காஞ்சிபுரத்தில் இரண்டு பெண்கள் மாலை மாற்றிக்கொண்டு சார்பதிவாளரிடம் போகிறார்கள், அவர் மறுக்கிறார், ரிட் மனு போடுகிறார்கள். என்ன ஆகும்?

அவர்களுக்குச் சாதகமாகச் சில உண்டு. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடிக் கோயிலில் ஒரு ஆணுக்கும் திருநங்கைக்கும் நடந்த கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொன்னார். 'மணமகள்' என்ற சொல் உறைந்துபோனது அல்ல, திருநங்கையும் அதில் அடக்கம் என்றார். 2021 ஜூனில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையிலிருந்து ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், தனக்கு இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பு எழுதினார். ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சைகளுக்குத் தடை போட்டார். அதிகாரம் தன் அறியாமையை அறிவித்துவிட்டுப் பேசியது நம் நீதிமன்ற வரலாற்றில் அபூர்வம். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அரசே தமிழில் மரியாதையான சொற்பட்டியல் ஒன்றை வெளியிட வேண்டிவந்தது. 2025 மேயில் சுவாமிநாதன், லட்சுமிநாராயணன் அமர்வு, வீட்டார் அடைத்துவைத்த பெண் ஒருவரை விடுவித்து, குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி அல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. எல்லாப் பெற்றோரும் நீதிபதி லீலா சேத் ஆகிவிட மாட்டார்கள் என்றும் சொன்னது.

பாதகம் ஒன்றுதான், ஆனால் கனமானது. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை அல்ல என்பதில் ஒன்றுபட்டார்கள். சட்டத்தை மாற்றுவது சட்டமன்றங்களின் வேலை என்றார்கள். திருநங்கை, திருநம்பியர் எதிர்பாலினத்தவரை மணக்கலாம் என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. இதில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ரவீந்திர பட்தான், அதற்கு ஐம்பது நாள் முன்னால், ஆகஸ்ட் 28 அன்று, வேறொரு அமர்வில் 7அ பற்றியும் பேசியிருந்தார். வக்கீல் அறையில் ரகசியமாக நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்ற 2014 சென்னைத் தீர்ப்பைத் தவறு என்றது அந்த அமர்வு. வீட்டு எதிர்ப்புக்குப் பயந்தவர்கள் ஊரைக் கூட்டியா கல்யாணம் செய்வார்கள் என்பது வாதம். ஆணும் பெண்ணும் என்றால் இந்தப் பரிவு கிடைக்கிறது. வீட்டுக்குப் பயப்படுவதில் இவர்களை மிஞ்சியவர்கள் யார்?

என் கணிப்பு இது. பதிவு கிடைக்காது. உச்சநீதிமன்றம் அந்த வழக்கில் தனிநபர் சட்டங்களுக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் 7அ இன்னும் நேரடியாக எடைபோடப்படவில்லை, உண்மைதான். 'எந்த இரு' என்ற சொல்லையும் 'அல்லது'வையும் நல்ல வக்கீல் அழகாக வாதாடுவார். ஆனால் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18 என்று வயதைப் பிரித்து வைத்திருக்கிறது. கீழ் நீதிமன்றம் அந்த வேலியைத் தாண்டாது. போலீஸ் பாதுகாப்பு கொடுக்கும், வீட்டாரை அதட்டும், 2023 நவம்பரில் ஆனந்த் வெங்கடேஷ் அரசைப் பரிசீலிக்கச் சொன்ன குடும்ப உறவு ஒப்பந்தப் பத்திரத்தை மறுபடி நினைவூட்டும், சட்டமன்றத்தைக் கை காட்டும். 1953ஐவிடக் கனிவான குரலில் ஏறத்தாழ அதே முடிவு.

இந்த இடத்தில் நம் தோழர்கள் டெல்லியைத் திட்டிவிட்டுக் கலைந்துபோவது எனக்குச் சம்மதமில்லை. திருமணம் பொதுப்பட்டியலில் இருக்கிற விஷயம். மாநிலம் திருத்தம் நிறைவேற்றலாம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். 1967இலும் இதே வாசல்தான். இப்போது ஒப்புதல் வராது என்பார்கள். வராமலே போகட்டும், மறுத்தது யார் என்று பதிவாகுமே. அண்ணா பெயரைச் சொல்லும் கட்சிகள் மாறிமாறி ஆள்கிற சட்டமன்றத்தில் அப்படி ஒரு மசோதாவை எழுதிப் பார்க்கக்கூட ஏன் கை வரவில்லை?

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இப்போதைக்குப் பதிவு ஆவாது"ன்னேன். கோர்வைக் கரை நெய்ய அந்தப் பக்கம் நாடா தள்ளிக்கொண்டிருந்த பையன் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப புடவை?" என்றார் பெரியவர். "அது ரெண்டு வாங்குவாங்க" என்றேன். தலையாட்டிவிட்டு மிதிபலகையை மிதித்தார்.