ரஹீம் சாப் கலைத்த ஆட்டம்

சென்ற வாரம் ஜர்னைல் சிங்கைத் தையல் போட்ட தலையோடு ஜகார்த்தாவில் விட்டுவிட்டு வந்தோம். வாரம் முழுக்க என்னைத் திட்டியிருப்பீர்கள். சரி, 1962 ஆசிய விளையாட்டுக் கால்பந்தின் அரையிறுதிக்கு நேரே போய்விடலாம்.

ஜர்னைல் நம் இந்திய அணியின் ஸ்டாப்பர். உயர வரும் பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவதே அவர் பிழைப்பு. தாய்லாந்து ஆட்டத்தில் அந்தத் தலையே உடைந்துவிட்டது. அவர் இல்லாமலே ஜப்பானை 2-0 என்று ஜெயித்தும் ஆயிற்று. அணியை அப்படியே விட்டிருக்கலாம்.

பயிற்சியாளர் ரஹீம் சாப் விடவில்லை.

ஜர்னைலை இறக்கினார். ஸ்டாப்பராக அல்ல, சென்டர் ஃபார்வர்டாக! பின்வரிசையை அருண் கோஷ் பார்த்துக்கொள்ளட்டும் என்றுவிட்டார்.

ஹைதராபாத்தில் அவரிடம் கற்றவர்கள் கேட்டால் திகைத்திருப்பார்கள். பள்ளி வாத்தியாராக இருந்தவர் சையது அப்துல் ரஹீம். சொன்னதைச் சொன்னபடி செய்ய வைப்பவர். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வித்தை காட்டவே கூடாது என்று விதி போட்டுப் போட்டிகள் நடத்தினார். வந்ததும் தட்டிவிடு, இடம் மாறு. பழகாத காலால் மட்டும் உதை. அவருடைய ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையைத் தூக்கியது சும்மாவா?

அத்தனை கட்டுப்பாடும் ஆட்டக்காரர்களைப் பொம்மையாக்கத்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டால் கண்ணுக்கு ஓய்வு. எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான், எங்கே இடைவெளி விழுகிறது என்று அது தேடும். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, செகந்திராபாத்தின் துளசிதாஸ் பலராம் மூவருக்கும் அந்தக் கண் இருந்தது. இல்லாதது, தடுப்பவர்களை முட்டி மோதி இடைவெளியை உண்டாக்க ஓர் ஆள்.

கட்டுப் போட்ட தலையோடு அந்த ஆள் வந்தார்.

தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். நாம் 2-0 முன்னிலை. அப்புறம் 2-2! கேப்டன் சுனி மூன்றாவதை அடித்த பிறகே மூச்சு வந்தது.

இறுதியாட்டம், 1962 செப்டம்பர் 4. எதிரே தென் கொரியா. முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று சாய்த்த அதே அணி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா போட்டியில் சேர்க்காததை நம் நாட்டு விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி கண்டித்திருந்தார் அல்லவா? அதில் இந்தோனேசியர்களுக்கு வந்த கோபம் முழுவதும் இப்போது நம் பையன்கள் தலையில் விடிந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூச்சல். நமக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்!

சாப் இன்னொரு காயையும் நகர்த்தினார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிரத்யுத் பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலில் படுத்திருந்த நெட்டை மனிதர் பீட்டர் தங்கராஜைக் கோலில் நிறுத்தினார்.

இதற்கு ஜர்னைலே தேவலையே என்று தோன்றுகிறதா?

17ஆவது நிமிடம், பி.கே. கோல்! 20ஆவது நிமிடம், ஜர்னைல் சிங்! கூச்சலிட்ட கூட்டம் வாயடைத்துப்போனது. அப்புறம் கொரியர்கள் முட்டினார்கள், மோதினார்கள். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றும் நடக்கவில்லை.

85ஆவது நிமிடம்.

தங்கராஜைத் தாண்டிப் பந்து வலைக்குள் போய்விட்டது. 2-1. அரங்கம் மறுபடி எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. இன்னும் 5 நிமிடம். நெட்டையரை நம்பிய சாப்பின் கணக்கு பிசகிவிட்டதா?

(அடுத்த வாரம்)