மரியா யார்?

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் குடியிருக்கிறேன். என் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருப்பது, உள்ளூர்ச் சூளையில் வெந்த ஒரு பீங்கான் ஃபியூஸ் கட்டை. மேல்பக்கம் வழவழவென்று மின்னும். மெருகு ஏறாத அடிப்பக்கம் சொரசொரப்பாக இருக்கும். நெடுநாள் அதன் அடியில் கிடந்த துண்டுச் சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருந்தது: மரியா.

எஸ்தர் மேனனுக்குக் காந்தி எழுதிய கடிதங்களைப் படித்தபோது குறித்துக்கொண்ட பெயர் அது. எஸ்தர் 1916-இல் டென்மார்க்கிலிருந்து தென்னார்க்காட்டுக்கு வந்த இளம் மிஷனரி. பிறந்த வீட்டுப் பெயர் ஃபேரிங். அவருக்கு வந்த கடிதங்களை 1956-இல் நவஜீவன் நூலாக வெளியிட்டது. 'மை டியர் சைல்ட்' என்று காந்தி அவரை அழைத்த விளியே நூலுக்குத் தலைப்பாயிற்று. பிற்காலக் கடிதங்களில், நலம் விசாரிக்கும் வரிகளுக்கு நடுவே, மரியா தலைகாட்டுகிறார். குடும்பப் பெயர் இல்லை, ஊர் இல்லை. எழுதியவருக்கும் படித்தவருக்கும் அறிமுகமே தேவைப்படாத ஒருவர் என்பது மட்டும் தெரிந்தது.

எஸ்தரின் உறவுக்காரராக இருக்கும் என்று நினைத்தேன். ஈ.கே. மேனன் என்ற மலையாளியை மணந்து இரண்டு பெண்களைப் பெற்றவர் எஸ்தர். டென்மார்க்கிலிருந்து துணைக்கு வந்த சகோதரியோ என்று சீட்டில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தேன். அந்த ஊகம் சில மாதங்களை விழுங்கியது.

காந்தியின் எழுத்துகள் முழுத் தொகுப்பாக நூறு தொகுதிகளில் இருக்கின்றன. அதில் தேடுபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பழைய அச்சுப் பதிப்பின் தொகுதி எண்ணும், பின்னால் வந்த குறுந்தகட்டுப் பதிப்பின் எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தா. அதோடு, தாமதமாகக் கிடைத்த கடிதங்கள் அச்சுப் பதிப்பின் கடைசித் தொகுதிகளில் பின்சேர்க்கையாக வந்தன. ஒரே ஆண்டின் கடிதத்தை இரண்டு இடங்களில் தேட வேண்டும். அப்படித் தேடியபோதுதான் விடை கிடைத்தது. தலைப்பில் ஆன் மரீ பீட்டர்சன் என்று இருந்தது. அதன் கீழே காந்தி எழுதிய விளி, 'மரியா'. உறவுக்காரர் அல்லர், எஸ்தரின் தோழர். சீட்டில் இருந்த கேள்விக்குறியை அடித்தேன்.

பெயர் கிடைத்தது, ஆள் இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தைப் பற்றி எதைத் தேடினாலும் முதலில் கை போவது டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெஜெட்டியருக்கு. கெஜெட்டியர் என்பது அந்நாளைய அரசு வெளியிட்ட மாவட்ட விவரக் கையேடு. மண், மழை, சாதி, கோயில், மிஷன் எல்லாம் அதில் உண்டு. பீட்டர்சன் அதில் இல்லை. இல்லாததைச் சான்றாகக் கொள்ளுமுன் நூலின் ஆண்டைப் பார்த்தேன்: 1906. அவர் இந்தியாவுக்கு வந்ததே 1909-இல்.

அடுத்த தடயம் என்னை வழிதவற வைத்தது. 1922-இல் சென்னை கணேஷ் அண்ட் கோ வெளியிட்ட 'ஃப்ரீடம்ஸ் பேட்டில்' என்ற காந்தி தொகுப்பில் பீட்டர்சனின் கடிதம் ஒன்று இருக்கிறது. எழுதியவர், 'மெட்ராஸில் உள்ள டேனிஷ் மிஷனைச் சேர்ந்த' மிஸ் பீட்டர்சன். குடும்பப் பெயரின் கடைசி அசையில் ஆங்கில 'இ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' அச்சாகியிருந்தது. அட்டவணைகளில் அவர் இரண்டு பேராகப் பிரிந்துபோனதற்கு அந்த ஓர் எழுத்தே காரணம். 'மெட்ராஸ்' என்றதை நான் பட்டணம் என்று படித்து, சென்னைத் திருச்சபைகளின் வரலாற்றில் தேடிக்கொண்டிருந்தேன். அந்நாளில் அந்தச் சொல் மாகாணம் முழுவதையும் குறிக்கும்.

டேனிஷ் மிஷன் என்றதும் தரங்கம்பாடியும் சீகன்பால்குவும் நினைவுக்கு வருவது இயல்பு. அது வேறு. டென்மார்க் அரசர் அனுப்பி சீகன்பால்கு வந்தது 1706-இல். இங்கே பேசப்படுவது 1821-இல் டென்மார்க்கில் தொடங்கிய மிஷன் சங்கம். தென்னார்க்காட்டில் அதற்கு வேர் ஊன்றியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். திருச்சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறி, மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியம் தொடங்கினார்; 1860-களில் டேனிஷ் சங்கத்தோடு இணைந்தார். பிறகு திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று அது பரவியது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. மனசாட்சிக்காக ஒரு மிஷனை விட்டு வந்தவர் ஊன்றிய இடத்தில்தான், அறுபது ஆண்டு கழித்து, இன்னொருவருக்கும் மனசாட்சியா மிஷனா என்ற அதே கேள்வி வந்து நின்றது.

அந்தக் கேள்வி தொடங்கிய இடத்தில் ஒரு சிறு திருத்தம். 1917 ஜனவரியில் ஆன் மரீயும் எஸ்தரும் சேர்ந்து காந்தியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். பெண்களுக்கு எப்படிப்பட்ட பள்ளி வேண்டும் என்று பார்த்துவரக் கிளம்பிய பயணம் அது. 'சபர்மதி ஆசிரமம்' என்றே இதைப் பலரும் எழுதுகிறார்கள். என் குறிப்பிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஆசிரமம் சபர்மதிக் கரைக்கு இடம்பெயர்ந்தது அந்த ஆண்டின் நடுவில், பிளேக் பரவிய பிறகு. ஜனவரியில் அது அகமதாபாத்தை அடுத்த கோச்ரப்பில் ஒரு வாடகை பங்களாவில் இருந்தது. இது இடப்பெயர்ப் பிழை மட்டும் அன்று. அவர்கள் பார்த்தது உலகப் புகழ் பெற்ற தலைவரை அன்று. சம்பாரண் சத்தியாகிரகம் இன்னும் நடக்கவில்லை. ஒரு வாடகை வீட்டில், தீண்டாமை பார்க்காமல், சொந்தக் கையால் வேலை செய்து வாழப் பார்த்த சிறு கூட்டம்தான் அவர்கள் கண்டது. புகழைப் பார்த்து மயங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த ஒரு தேதியோடு விழுந்துவிடுகிறது.

திரும்பி வந்த எஸ்தர் திருக்கோவிலூரில் இருந்தார். மறுபடி ஆசிரமம் போக விரும்பினார், மிஷன் இசையவில்லை. இந்த இடத்தில் மிஷனைக் கொடுமைக்காரனாக எழுதிவிடுவது எளிது. நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். பிறகு உலகப்போர்க் காலத்து நிலையைப் பார்த்தேன். லைப்சிக், பாசல் மிஷன்களின் ஜெர்மானிய ஊழியர்கள் காவலில் வைக்கப்பட்டு நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். போர் முடிந்ததும், பிரிட்டிஷார் அல்லாத மிஷனரிகள் அரசுக்கு மரியாதை காட்டி அரசியலில் தலையிடாமல் இருப்பதாக உறுதி தர வேண்டும் என்ற விதியும் வந்தது. ஓர் ஊழியர் சந்தேகத்துக்கு உள்ளானால் மருத்துவமனை, பள்ளி எல்லாம் ஆட்டம் காணும். மிஷனின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. முதல் வரைவின் அந்தப் பத்தியைக் கிழித்தேன்.

காந்தியும் மிஷனை உதறச் சொல்லித் தூண்டவில்லை. மதம் மாறச் சொல்லவும் இல்லை. முடிவெடுத்தவர்கள் அந்த இரு பெண்களே. 1920 ஜனவரியில் எஸ்தர் ஆசிரமத்தில் இருக்கிறார்; காந்தி லாகூரிலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதுகிறார். ஆசிரமச் சமையலறையில் கஸ்தூர்பாவோடு எஸ்தருக்கு ஒத்துப்போகவில்லை என்பதும் அந்தக் கடிதங்களில் தெரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. தியாகம் என்று நாம் எழுதும் சொல்லுக்குள் இப்படி அடுப்படி மனக்கசப்பும் உடல் நலக் குறைவும் இருந்தன.

ஆன் மரீ 1920-இல் மிஷனை விட்டார். 'விட்டார்' என்ற வினையை நான் நெடுநாள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். நம்பிக்கை தளர்ந்து காந்தியத்துக்குப் போனவர் என்று எண்ணியிருந்தேன். அவருடைய கடிதம் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. இந்தியாவின் காலடியில் தன்னைக் கிடத்திவிட்டதாகச் சொல்லும் அதே இடத்தில், தன் உறைவிடம் கிறிஸ்து ஒருவரே என்றும், சிலுவையில் அறையப்பட்ட அவரை வாழ்ந்து காட்டுவது தவிர வேறு ஆசை இல்லை என்றும் எழுதுகிறார். மிஷனை விட்டது சிலுவையை இறுகப் பற்றியதால்.

இனி எங்கே போனார் என்பது மிச்சம். ஆவணங்களில் ஊர்ப் பெயர் 'போர்ட்டோ நோவோ'. நூலகப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டுத் தலைநகரம் வரும். 1781-இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய போர் வரும். போர்த்துகீசியத்தில் 'புதுத் துறைமுகம்' என்று பொருள்படும் அந்தப் பெயர் நம் பரங்கிப்பேட்டையுடையது. எங்கள் ஊரைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலந்து, வெள்ளாறாகக் கடலைச் சேருமிடமும் அதுதான். ஆண்டுக்கணக்காக நான் தேடிய ஆள் எங்கள் ஆற்றின் முகத்துவாரத்தில் இருந்திருக்கிறார்.

அங்கே அவர் தொடங்கியது தேசியக் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளி. சேவா மந்திர் என்று பெயர். அந்நாளில் 'தேசியப் பள்ளி' என்றால், அரசு மானியமும் வேண்டாம், அரசு அங்கீகாரமும் வேண்டாம் என்று நிற்பது. மாதச் சம்பளமும் மிஷன் பங்களாவும் உள்ள வாழ்க்கையை விட்டவருக்கு அடுத்த மாத அரிசிக்குக்கூட உறுதி இல்லை. அடிக்கல் நாட்டியவர் காந்தி, 1921 செப்டம்பரில். அந்தப் பயணத்தின் இரு முனைகளும் பதிவானவை: 14-ஆம் தேதி வால்டேரில் உடன் வந்த மௌலானா முகமது அலி கைதாகிறார், 22-ஆம் தேதி மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைத்துண்டுக்கு மாறுகிறார். இரண்டுக்கும் நடுவே விழுகிறது பரங்கிப்பேட்டை. ஆக, அந்தக் கல்லை அவர் வைத்தது, சட்டையோடு இருந்த கடைசி நாள்களில்.

இரு பெண்களின் கடிதங்களையும் இ.எஸ். ரெட்டியும் டென்மார்க்கின் ஹோல்கர் டெர்ப்பும் சேர்ந்து 2006-இல் தொகுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருநாள் விருத்தாசலத்தில் ரயிலேறி, நெய்வேலி, வடலூர் வழியாகக் கடலூர் போய், அங்கிருந்து பரங்கிப்பேட்டைக்குப் போனேன். சேவாமந்திர் என்ற பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது. மணி அடித்ததும் பெண் பிள்ளைகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்கள். டென்மார்க்கில் 1878-இல் பிறந்த ஆன் மரீ 1951-இல் மறைந்தார். கடைசி முப்பது ஆண்டுகள் இந்தப் பள்ளிதான் அவருக்கு வாழ்க்கை. எஸ்தர் 1962 வரை இருந்தார்.

அச்சில் உள்ளவை பெரும்பாலும் காந்தியோடு எழுதிக்கொண்டவை. அந்தப் பள்ளியில் படித்த சிறுமிகள் என்ன கண்டார்கள் என்பது வீடுகளில்தான் இருக்கும். பழைய தென்னார்க்காட்டில் உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ சேவாமந்திரில் படித்திருந்தால், அவர் வைத்திருந்த வகுப்புப் படத்தையும் சான்றிதழையும் கரையான் தின்னுமுன் எடுத்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட மைய நூலகத்துக்குக் கொடுங்கள்.