முல்கி விதிகளும் வெளியூர்க் குடும்பங்களும்

1798-இல் ஹைதராபாத் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு துணைப்படை ஒப்பந்தம் செய்தார். ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே கம்பெனிப் படை தங்கிய இடம், 1806-இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. சென்னை மாகாணப் படையின் பின்னே தமிழ்க் குடும்பங்களும் வந்து குடியேறின. முதலியார்கள் பலர் ஒப்பந்தத் தொழிலிலும் வணிகத்திலும் காலூன்றினர். பத்மாராவ் நகர் அவர்களில் ஒருவரின் பெயரைத் தாங்கியது.

கடை வைப்பது ஒன்று. அரசு வேலை பெறுவது வேறு. 1919-இல் ஏழாம் நிஜாமின் ஆட்சியில் வந்த முல்கி விதிகள் அரசுப் பணியை மண்ணின் மக்களான முல்கிகளுக்கே ஒதுக்கின. வெளியிலிருந்து வந்தவர் முல்கி ஆக, 15 ஆண்டுகள் நிலையாகக் குடியிருந்து, சொந்த ஊர் திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டதாகப் பிரமாணப் பத்திரமும் தர வேண்டும். முல்கியை மணந்த பெண்ணுக்கு அத்தகுதி மணத்தாலேயே கிடைத்தது. பிள்ளையின் பள்ளிக்காலம் முழுவதையும் விழுங்கும் கெடு அது, கடுமையானதுதான். ஆனாலும் வட இந்தியாவிலிருந்து வந்தவர்களிடம் உயர்பதவிகளை இழந்த உள்ளூர்க்காரரின் குறையில் நியாயம் இருந்தது.

நிஜாம் ஆட்சிக்குப் பிறகும் விதிகள் நீடித்தன. அவை மீறப்படுவதாக 1952-இல் மாணவர்கள் போராடினர். 1972-இல் உச்ச நீதிமன்றம் அவை செல்லும் என்றது. 1973-இல் நாடாளுமன்றம் நீக்கியது.