இரண்டு எண்களும் ஒரு மொழியும்

மலாயாத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை ஆராய்வோர் கல்வி அறிக்கைகளையே பெரிதும் நாடுவர். சட்டங்களில் இடம்பெற்ற இரு சிறிய எண்களும் கவனத்திற்குரியவை.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுச் சிறார் 10 பேர் உள்ள தோட்டத்தில் நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டுமென விதித்தது. கல்வி இவ்வாறு முதலாளியின் பொறுப்பாயிற்று. கங்காணியோ எழுத்தரோ ஆசிரியராக அமர்ந்ததும், பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பள்ளிகள் ஆட்டங்கண்டதும் இதன் விளைவுகளே.

தாய்மொழிப் பள்ளிகளுக்கு மாற்றாகத் தேசியப் பள்ளிகளை 1951இல் பார்ன்ஸ் அறிக்கை பரிந்துரைத்தது. 1956இன் ரசாக் அறிக்கையோ தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசிய முறைக்குள் ஏற்றது. இதனைச் சிறிய மாற்றமெனக் கருதுவதற்கில்லை. ஆயினும் இடைநிலையில் தமிழ்வழிக் கல்வி அமையவில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்தே முதலாம் படிவத்தை எட்டினர். அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே; அதுவும் 15 மாணவரின் பெற்றோர் கோரினால்தான். 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் இவ்வெண்ணை 1996ஆம் ஆண்டுச் சட்டமும் மாற்றவில்லை.

கோரவேண்டியவர் பெற்றோர். பால்மரத் தோப்பில் விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்கியவர்களுள் எத்தனை பேர் இவ்விதியை அறிந்திருப்பர்? கோரிப் பெற்ற வகுப்பும் பெரும்பாலும் பள்ளி நேரத்திற்குப் புறம்பே நடந்தது. தோட்டத்திற்குத் திரும்பும் பேருந்து அதற்காகக் காத்திருக்கவில்லை.