ஜப்பானியச் சொற்கள் நம் வீட்டுக்கு வந்த வழி

பெர்மாஸ் ஜெயாவில் பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். மங்கா, அனிமே, போக்கிமோன், நிஞ்ஜா என்று ஜப்பானியச் சொற்களை அடுக்கும். அதே வீட்டில் 'கெம்பெய்தாய்' என்றால் என்ன, 'ரோமுஷா' என்றால் யார் என்று கேட்டால் பெற்றோருக்கே பதில் தெரியாது. ஆனால், இந்த மண்ணின் தமிழர்கள் அனுபவித்துக் கற்ற ஜப்பானியச் சொற்கள் அவைதாம்.

வாளோடு வந்தவை

1942 ஜனவரி இறுதியில் ஜப்பானியப் படை ஜொகூர் பாருவைப் பிடித்தது. தளபதி யாமாஷிதா புக்கிட் செரீன் அரண்மனையில் இருந்தபடி எதிர்க்கரைத் தாக்குதலை நடத்தினார். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன் பெயர் 'ஷோனான்' ஆனது. 'தெற்கின் ஒளி' என்று பொருள். கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாறியது. 1942ஆம் ஆண்டு 2602 ஆனது. பெயரில் ஒளி இருந்தது; மக்கள் கண்டது இருளைத்தான். கெம்பெய்தாய் என்பது இராணுவப் போலீசின் பெயர். அதைக் கேட்டாலே ஊர் நடுங்கியது.

'ரோமுஷா' என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் உழைப்பாளி என்றுதான் அர்த்தம். தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அந்தப் பெயரில்தான் சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. ஆட்சியாளன் 'உழைப்பாளி' என்றான். அனுபவித்த தமிழன் 'சயாம் மரண ரயில்' என்றான். எந்தச் சொல் உண்மை பேசியது?

கடையோடும் திரையோடும் வந்தவை

1982இல் பிரதமர் மகாதீர் 'கிழக்கை நோக்கும் கொள்கை'யை அறிவித்தார். 1984இல் ஜஸ்கோ மலேசியாவுக்கு வந்தது. பெர்மாஸ் ஜெயாவாசிகள் மளிகை வாங்கும் இன்றைய ஏயோன் அதன் தொடர்ச்சிதான். ஒரு காலத்தில் அஞ்சிய நாட்டின் பொருள்களை மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

சொற்களும் கூடவே வந்தன. 'மங்கா' நேற்று முளைத்ததல்ல. ஓவியர் ஹொக்குசாய் 1814இலேயே தம் சித்திரத் தொகுப்புக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். 1954இல் திரைக்கு வந்த 'கொஜிரா', கொரில்லாவையும் 'குஜிரா' என்ற திமிங்கிலத்தையும் ஒட்டிய பெயர். அதுவே காட்ஸில்லா. கைப்பேசியில் அனுப்பும் 'எமோஜி'யில் 'எ' என்பது படம், 'மோஜி' என்பது எழுத்து.

கடலோடு வந்தது

2004 டிசம்பர் 26 அன்று ஒரே நாளில் உலகமெங்கும் தமிழர் வாயில் ஏறிய சொல் சுனாமி. 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. பினாங்கும் கெடாவும் அடிபட்டன. சுமத்ரா தீவு மறைத்ததால் ஜொகூர் தப்பியது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். 'ஆழிப்பேரலை' என்று தமிழ்ப் பெயர் வைத்தும் மக்கள் நாவில் நின்றது சுனாமியே.

அந்த நிலநடுக்கத்தை 9.1 என்று அளந்த முறைக்குப் பின்னாலும் ஒரு ஜப்பானியப் பெயர் உண்டு: ஹிரூ கனமோரி. 1970களில் அவரும் தாமஸ் ஹேங்க்ஸும் வகுத்த அளவுமுறை அது. ஜப்பானில் 'ஷிண்டோ' என்று இன்னொரு அளவும் உண்டு. முன்னது பூமிக்கடியில் வெளிப்பட்ட மொத்த சக்தியைச் சொல்லும். ஷிண்டோ நாம் நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்பதைச் சொல்லும். 2007 மார்ச் 6 அன்று சுமத்ராவில் பூமி அதிர்ந்தபோது, 400 கிலோமீட்டருக்கு அப்பால் ஜொகூர் பாரு அடுக்குமாடிகளில் இருந்தவர்களும் ஆட்டத்தை உணர்ந்தார்கள். சக்தி ஒன்றுதான், ஆட்டம் இடத்துக்கு இடம் வேறு.

வரலாறும் அப்படித்தான். போர் ஒன்று, ஒவ்வொரு குடும்பமும் ஆடிய ஆட்டம் வேறு. மொத்தக் கணக்கைப் புத்தகம் சொல்லும். தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், யார் திரும்பி வந்தார் என்பதை வீட்டுப் பெரியவர்தான் சொல்ல முடியும். அன்று ஐந்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்கிவிட்டார்கள்.

பிள்ளைகள் மங்கா படிப்பதில் குற்றமில்லை. படிக்கட்டும். அதே பிள்ளைகளைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட இது தாங்காது.